புகையிலைக் காம்பும் ஐம்பத்தொரு விநாடியும்

எதிர்வீட்டு மொட்டை மாடியில் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி பிடித்துவிட்டது. வீட்டுக்காரம்மா பழைய அலுமினியச் சட்டியில் புகையிலைக் காம்பைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, இலை இலையாகத் தெளித்துக்கொண்டிருந்தார். காலைக் காற்று அந்த வாசனையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி என் சன்னலுக்குள் வந்தது. கசப்பு, காரம், நனைந்த சாக்கு. காபி டம்ளரைக் கீழே வைத்தேன். வலது உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது, எதையோ பிடித்திருப்பதுபோல. எதை? அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு சாவியை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தொரு வயது. இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். வலிப்பும் இருந்தது. முதலாவதை எங்கள் வீட்டில் போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார்கள். இரண்டாவதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

வருடத்துக்கு மூன்று நான்கு தடவை பெரிதாக வரும். நடுநடுவே சின்னதாக. சின்னது என்றால் விழுவது கிடையாது, நுரை கிடையாது. பேசிக்கொண்டே இருப்பேன், ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து இரண்டு சொல் களவு போயிருக்கும். எதிரே இருப்பவர், "என்ன, யோசனையா?" என்பார். ஆமாம் என்பேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வெள்ளை மாத்திரை. அதற்கு எங்கள் வீட்டில் 'சத்து மாத்திரை' என்று பெயர். விருந்தாளி இருந்தாலும் தைரியமாகச் சொல்லலாம்: சத்து மாத்திரை போட்டியா?

என்னைக் குடைந்துகொண்டே இருந்தது நோய் அல்ல. எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்த ஒன்றை நான் மட்டும் பார்த்ததில்லை என்பதுதான். அப்பா பார்த்திருக்கிறார், அம்மா பார்த்திருக்கிறாள், தம்பி பார்த்திருக்கிறான். அது நடப்பது என் உடம்பில். ஆனால் அந்த நேரத்தில் நான் ஊரில் இல்லை. அம்மாவிடம் கேட்டால், "அத ஏன் கேக்குற, போ அங்கிட்டு" என்பாள். தம்பி ஒருமுறை கண்ணை மேலே சொருகிக் கையை விறைத்துக் காட்டத் தொடங்கினான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அத்தோடு அந்தப் பாடம் முடிந்தது. காக்கா வலிப்பு என்கிறார்களே, எந்தக் காக்கா? சுவரில் உட்கார்ந்திருக்கும் காக்கைகளைக் கவனித்துப் பார்ப்பேன். ஒன்றுகூட அப்படி ஏதும் செய்ததில்லை.

வைகையின் வடகரையில் அப்போது ஒரு சின்ன மருந்தியல் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, டைப் அடிக்கவும் கூடவே நின்று குறிப்பு எழுதவும் ஆள் தேவைப்பட்டது. அப்பா யோசித்தார். "டைப்பு வேலைதான, போ. ஆனா வெளிய மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிருவாங்க" என்றார்.

அந்தப் பெண்ணை நாங்கள் மேடம் என்போம். முப்பதைத் தொடாத வயது. கே.கே. நகரிலிருந்து மொபெட்டில் வருவார். அது நின்ற பிறகும் இவர் கொஞ்சநேரம் ஓடிக்கொண்டே இருப்பார். முதல் நாள் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

"எலின்னா பயமா?"

"இல்ல மேடம்."

"வலிப்பு பாத்திருக்கியா?"

யோசித்தேன். அதைவிட நேர்மையான பதிலை அதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"பாத்ததில்ல மேடம்."

"அப்ப இனிமே தெனமும் பாப்ப" என்றார்.

வேலை இதுதான். வெள்ளைச் சுண்டெலிகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு ஊசி, அரைமணி நேரம் கழித்து நிக்கோட்டின் ஊசி. நிக்கோட்டின் போனால் எலிக்கு வலிப்பு வரும். ஆனால் முதல் ஊசியில் ஒரு குறிப்பிட்ட மருந்து இருந்தால் வராது. ஏன் வராது, எங்கே தடுக்கப்படுகிறது என்பதுதான் மேடத்தின் கேள்வி. மூன்று கூட்டமாக எலிகளைப் பிரித்திருந்தார். ஒரு கூட்டத்துக்கு மூளைக்குள் நுழையக்கூடிய தடுப்பு மருந்து. இன்னொன்றுக்கு மூளைக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும் தடுப்பு மருந்து. மூன்றாவதற்கு வெறும் உப்புத் தண்ணீர். இந்த மூன்றாவது கூட்டம் கட்டாயம் வலித்தாக வேண்டும். அது வலித்தால்தான் மற்றதற்கெல்லாம் அர்த்தம்.

"இங்க பாரு," என்று மேடம் மேசை இழுப்பறைப் பூட்டைத் தட்டினார். "மூளைல கோடி பூட்டு இருக்கு. இந்த நிக்கோட்டின் இருக்கே, அது ஒரு சாவி. ஒரு வகைப் பூட்டத்தான் தொறக்கும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல தொறந்தா வலிப்பு. நம்ம மருந்து என்ன பண்ணுது? பூட்டுக்குள்ள போயி முறிஞ்ச சாவி மாதிரி அடைச்சுக்குது. அப்புறம் நிக்கோட்டின் வந்து முட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

எலிக்கூண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் தலையை ஆட்டினார். "அதான மேடம். எங்கூர்லயும் வலிப்பு வந்தா கையில சாவியத்தான குடுப்போம்."

மேடம் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு சிரித்து, சிரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயோ, அது வேற சாவி. இரும்புச் சாவி. அதுனால ஒரு பிரயோசனமும் இல்ல."

"எல்லாஞ் சாவிதான மேடம்" என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

அவரை நான் அண்ணே என்பேன். முப்பத்தைந்து வயதிருக்கும். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பா காலம்வரை பிறர் வயலில் கூலி வேலை. குடும்பத்தில் வேலைக்கென்று பஸ் ஏறிய முதல் ஆள் இவர்தான். என்னைத் தங்கச்சி என்பார். ஆனால் 'நீங்க'தான், 'நீ' கிடையாது. எலிகளுக்குப் படுக்கையாகப் போடும் உமியை வாரம் ஒருமுறை மேலூர் ரைஸ்மில்லிலிருந்து மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவார். கண்டக்டர் கத்துவாராம். "உக்காந்துக்கிட்டுத்தான வருது, நிக்கவா செய்யுது" என்று இவர் பதில் சொல்வாராம்.

என் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. அண்ணன் எலியை வாலைப் பிடித்துத் தூக்கித் தருவார், மேடம் ஊசி போட்டுக் கண்ணாடி ஜாடியின் கீழ் விடுவார், நான் கடிகாரத்தை அமுக்குவேன். உடனே மேடம் அடுத்த ஊசியை நிரப்பத் திரும்பிவிடுவார். ஜாடியைப் பார்ப்பது என் கண் மட்டும். ஒன்றும் நடக்காவிட்டால் சைபர். நடுக்கம் ஒன்று. ஓட்டம் இரண்டு. வலிப்பு மூன்று. நான்கு என்றால் எழுந்திருக்காது.

முதல் எலியை மறக்கவில்லை. ஊசி போட்ட பின் சும்மா உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. காது பின்னுக்குப் போனது. வால் விறைத்து, வளைந்து, முதுகுக்கு மேலே எழுந்து நின்றது, யாரோ அதைக் கேள்விக்குறியாக எழுதியதுபோல. பிறகு ஓட்டம், ஜாடிக்குள் எங்கே ஓட? பிறகு சரிந்து, நான்கு காலும் நான்கு பக்கமாகத் தறிபோல அடித்துக்கொண்டன.  கண்ணை எடுக்க மனமில்லை. இதுவா? இப்படியா? என் காதும் பின்னுக்குப் போகுமா? எனக்கு வால் இல்லையே, எனக்கு எது எழுந்து நிற்கும்? முப்பத்தெட்டு விநாடியில் அது எழுந்து உட்கார்ந்தது. சுற்றிப் பார்த்தது. மீண்டும் முகம் கழுவத் தொடங்கியது. ஒன்றுமே நடக்காத அந்தப் பாவனை எனக்கு நன்றாகத் தெரிந்தது. யோசனையா என்று கேட்டால் அதுவும் ஆமாம் என்றிருக்கும்.

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு மதியம், மேடம் நூலகத்துக்குப் போயிருந்தார். கூண்டு எண்களைச் சரிபார்க்க ஆணியிலிருந்து எலி ரூம் சாவியை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. கதவு ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது உமி மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தலைக்கடியில் மடித்த சாக்கு. அறைக் கதவு சாத்தியிருந்தது. அண்ணன் வாசலை அடைத்தாற்போல எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். என் வலது கையில் சாவி. உள்ளங்கையில் அதன் பல் பதிந்து சிவந்திருந்தது. ஸ்டாப்வாட்ச் ஐம்பத்தொரு விநாடியில் நின்றிருந்தது.

"மேடம்?" என்றேன். நாக்கு தடித்திருந்தது.

"இன்னும் வரல. தெரியாது. தெரியவும் வேணாம். தண்ணி குடிங்க."

"நான் எப்படி அண்ணே இருந்தேன்?"

அவர் திரும்பவில்லை. "நான் அதெல்லாம் பாக்கல, தங்கச்சி."

சாவியை ஆணியில் மாட்டினேன். அவருக்கு நன்றி சொல்லவில்லை. கையில் இரும்பைத் திணித்துவிட்டாரே என்று கூசியது. அவ்வளவு படித்த பூட்டு, சாவி, மூளை எல்லாவற்றுக்கும் நடுவில் என்னையும் சந்தைத் தெருவில் விழுந்தவளாக்கிவிட்டாரே என்று ஒரு கோபம். கோபத்துக்கு அடியில் பயம். இனி என் ரகசியம் இவரிடம். அவர் ஒருநாளும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் மேடத்திடம் ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் என் விரல் தவறான எழுத்தை அடித்தது.

ஐப்பசி மழை பிடித்தது. உமி ஈரமாயிற்று. எலிகள் காதைச் சொறிந்துகொண்டே இருந்தன. மேடம் ஒன்றைத் தூக்கி மயிரை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "பூச்சி! இன்னொரு தரம் எலி மேல பூச்சியப் பாத்தேன்னா, அப்புறம் உங்கள நான் இங்க பாக்க மாட்டேன், ஆமா."

"பாத்துக்கிறேன் மேடம்" என்றார் அண்ணன். பார்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் ஒரு பூச்சி இல்லை.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. உப்புத் தண்ணீர் எலிகள் வலிப்பதை நிறுத்திக்கொண்டன. எல்லாம் அல்ல, பெரும்பாலானவை. நிக்கோட்டின் ஊசி போடுவோம், லேசாக நடுங்கும், பிறகு உட்கார்ந்து முகம் கழுவும். ஒன்று, சைபர், ஒன்று, சைபர் என்று எழுதிக்கொண்டே போனேன். மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"தை மாசத்துக்குள்ள ஆராய்ச்சிச் சுருக்கம் குடுக்கணும்னு புரொஃபசர் கழுத்துல கத்தி வச்சிருக்காரு. வலிப்பே வராத எலிக்கு வலிப்பு வராமத் தடுத்தேன்னு எழுதவா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீ நெசமாவே பாக்குறியா, இல்ல ஜன்னல்ல காக்கா பாத்துக்கிட்டு நிக்கிறியா?"

"பாக்குறேன் மேடம்" என்றேன்.

பார்த்தேனா? அன்று வீட்டுக்கு நடந்து போனேன், பஸ் ஏறவில்லை. களவு போகும் சொற்களைப் போல விநாடிகளும் களவு போயிருந்தால்? எலி வலித்து எழுந்து உட்கார்ந்திருக்கும். நான் அந்த நேரம் ஊரில் இல்லாமல் இருந்திருப்பேன். வலிப்பு எலியிடம் காணாமல் போனதா, என்னிடமா? இந்தக் கேள்வி என்னை எரித்தது. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட இதன் விடையைத் தெரிந்துகொள்ளும் ஆசை பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். கடிகாரத்தை அமுக்கியதும், கடிகார முகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, உதட்டை அசைக்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நடுவில் நான் காணாமல் போனால் எண்ணிக்கை பின்தங்கும். முந்நூறு எண்ணி நிறுத்தித் திருப்பினேன். கடிகாரத்தில் ஐந்து நிமிடமும் ஒரு விநாடியும். அடுத்த எலி, மறுபடி முந்நூறு. அதற்கடுத்தது. ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம் இல்லை. நான் இருந்தேன்! முழுக்க அங்கேயே இருந்தேன். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அப்படியானால் எலிகளுக்கு என்ன ஆயிற்று? மதியம் எலி ரூமைத் திறந்து கூண்டு கூண்டாகக் குனிந்து பார்த்தேன். மூத்திரநெடி, உமிநெடி, அதற்கெல்லாம் பின்னால் இன்னொன்று. கசப்பு, காரம், நனைந்த சாக்கு. எந்த டவுன் பஸ்ஸிலும் கடைசி இருக்கையிலிருந்து வரும் வாசனை. உமிக்குள் விரலை விட்டேன். விரல்கணு நீளத்துக்கு நறுக்கிய பழுப்புக் காம்புகள். ஒரு எலி அதில் ஒன்றை இரண்டு கையாலும் கரும்புபோலப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது.

நிக்கோட்டின் என்ற சொல்லை நூறு தடவை டைப் அடித்தவள் நான். ஆய்வேட்டின் முதல் பக்கமே புகையிலைச் செடியைப் பற்றியது. உடனே புரிந்துவிட்டது. ராப்பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் எலிகளுக்கு அது பழகிவிட்டது.

புரிந்தும் மூன்று நாள் சொல்லவில்லை. சொன்னால் அண்ணனை அனுப்பிவிடுவார்கள். கோபத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்னால் நானும் போக வேண்டியதுதான். மனத்துக்குள் நியாயம் பேசிப் பேசி இந்த இரண்டாவதை முதலாவதற்கு அடியில் ஒளித்துவைத்தேன். அந்த மூன்று நாளில் மேடம் புதுப் பாட்டில் திறந்தார், நிக்கோட்டின் அளவைக் கூட்டினார். நான்கு எலிகளுக்கு நான்கு என்று எழுதினேன். அவற்றை அண்ணன் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனார்.

நான்காம் நாள் காலை அவர் குழாயடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உமில என்ன போட்டீங்க?"

"என்னத்தப் போட்டேன்?"

"காம்பு கெடக்கு."

"அட, அதக் கேக்குறீகளா. பொகையிலக் காம்பு. பரவைச் சந்தைல ஒரு கட்டு வாங்கியாந்தேன். ஆட்டுக்கு உண்ணி புடிச்சா எங்கூர்ல அததான் அரைச்சுத் தடவுறது. எலிக் குட்டிகளத் தடவ முடியாதுல்ல, அதான் நறுக்கிப் போட்டேன். பாத்தீகளா, இப்ப ஒரு பூச்சி இருக்கா?" முகமெல்லாம் பெருமை.

"நிக்கோட்டின்னா என்னன்னு தெரியுமா அண்ணே?"

"தெரியாம என்ன. வலிப்பு வரவைக்கிற மருந்து. அந்தா, கருப்புப் பாட்டில்ல இருக்கே."

"அது பொகையிலைல இருக்கிறதுதான்."

அவர் குழாயை மூடினார். வேட்டி மடிப்பிலிருந்து தன் புகையிலைப் பொட்டலத்தை எடுத்தார். "எது, இதுலயா? நான் வாயில அதக்கிக்கிட்டுத் திரியிறனே, இதுலயா?"

"அதுலதான்."

"ரெண்டு வருசமா அந்தப் பாட்டிலக் கழுவுறேன், தங்கச்சி. ஒரு ஆளு சொல்லலையே. எல்லாத்தையும் இங்கிலீசுல வச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்னைப் பார்த்தார். நானும் சொல்லாத ஆள்தான். "அப்ப அந்த நாலு குட்டியும் என்னாலயா?"

"இல்லண்ணே. என்னால. எனக்கு மூணு நாளாத் தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கொஞ்சநேரம் பாட்டிலைத் துடைத்தார். "உங்க விசயம் வேற, இது வேற. ரெண்டுக்கும் முடிச்சுப் போடாதீக. போட்டது நானு, நானே சொல்றேன்."

அவர் நகர்வதற்குள் கேட்டேன். "அன்னைக்கு ஸ்டாப்வாட்ச அமுக்குனது யாரு?"

அவர் வெட்கப்பட்டார். "நாந்தான். நீங்க விழுகவும் கை தானாப் போயிருச்சு. பழக்க தோசம்."

அவருக்குப் பின்னாலேயே உள்ளே போனேன். அவர் வாசலிலேயே நின்று, "மேடம், உமில பொகையில போட்டது நாந்தான்" என்றார்.

"எதுல எதப் போட்டீங்க?"

அவர் மறுபடி சொன்னார். மேடத்துக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு கையிலிருந்த நோட்டை மேசையில் அடித்தார். "ஒரு மாசம்! ஒரு மாச வேலை, அண்ணே!" அவரை அண்ணே என்று மேடம் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, கோபத்தில் வந்துவிட்டது. சன்னலோரம் போய் நின்றார்.  திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"எல்லா எலியும் அதத் தின்னுச்சா?"

"இல்ல மேடம். சிலது திங்கும், சிலது சும்மா மேல படுத்துக் கெடக்கும். மூணாங் கூண்டுல வாலுல ரெண்டு மஞ்சக் கோடு போட்டவன் இருக்கானே, அவன் கிட்டயே போக மாட்டான். காம்பத் தள்ளிவிட்டுட்டு மூலைல ஒக்காந்துக்குவான்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் கூண்டு, இரண்டு மஞ்சள் கோடு. உப்புத் தண்ணீர். மதிப்பெண்: மூன்று. அந்தக் கூண்டிலேயே வலிப்பு வந்த ஒரே எலி.

"இன்னும் எவன் எவன் திங்கல?" மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

அன்று மதியச் சாப்பாட்டை மூன்று பேருமே மறந்தோம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் தேட, மேடம் குறித்தார். எல்லாமே பொருந்திவிடவில்லை, பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் அண்ணன் ஒரு காரணம் வைத்திருந்தார், மேடம் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில், "புதுசா உமி கொண்டாங்க. புது எலி, முதல்லருந்து. ஆனா தனியா நாலு கூண்டுல மட்டும் காம்பும் போடுங்க, பாத்துருவோம்" என்றார். என்னிடம், "ஒவ்வொரு பாட்டில்லயும் என்ன இருக்குன்னு தமிழ்ல எழுதி ஒட்டு. முதல்ல அந்தக் கருப்புப் பாட்டிலுக்கு." எழுதினேன்: புகையிலை நஞ்சு.

பசையைத் தடவிக்கொண்டே சொன்னேன். இனியும் எப்படிச் சொல்லாமல் இருப்பது? "மேடம், எனக்கும் வலிப்பு வரும்."

அவர் பேனாவை வைத்தார். எத்தனை வயதிலிருந்து, எத்தனை தடவை, என்ன மாத்திரை என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "முதல் நாளே கேட்டனே உன்கிட்ட?"

"பாத்திருக்கியான்னு கேட்டீங்க மேடம். வருமான்னு கேக்கல."

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து என் கழுத்திலிருந்து ஸ்டாப்வாட்சைக் கழற்றி அண்ணன் கழுத்தில் மாட்டினார். "ஊசியும் கண்ணாடியும் ஆசிடும் இருக்குற எடம். நீ பக்கத்து ரூம்ல உக்காந்து எழுது, டைப் அடி. அவரு பாத்துச் சொல்லட்டும்."

அனுப்பிவிடவில்லை. ஆனாலும் கழுத்து வெறுமையாக இருந்தது. பல நாள் கை அங்கே போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு வலிப்பு எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குரல்: "வாலு தூக்கிட்டான்... ஓடுறான்... விழுந்துட்டான்... எழுதுங்க, நாப்பத்திரெண்டு."

கேட்காமல் விட முடியாத கேள்வியையும் ஒருநாள் கேட்டேன். மெக்கமைலமின் என்று எழுத்தெழுத்தாக நான் டைப் அடித்த அந்த மருந்து, மூளைக்குள் போய்ப் பூட்டை அடைக்கும் மருந்து, அதை நான் சாப்பிட்டால்?

மேடம் சுற்றிவளைக்கவில்லை. "நிக்காது. வேற வழில வலிப்பு வரவச்ச எலிக்கு இதக் குடுத்தாப் பெருசாக் கேக்குறதில்லன்னுதான் படிச்சிருக்கேன். இது இந்த ஒரு பூட்டுக்குத்தான். ஒன் பூட்டு எதுன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் தெரியாது. அந்தச் சத்து மாத்திரைய மட்டும் ஒழுங்காப் போடு."

ஏமாற்றம்தான். ஆனால் 'யாருக்கும் தெரியாது' என்பதை ஒருவர் அவ்வளவு ஆசையோடு சொல்லி நான் கேட்டதில்லை. பல வருடம் கழித்து, சில குடும்பங்களில் தூக்கத்தில் வரும் ஒருவகை வலிப்புக்கு, அதே நிக்கோட்டின் பூட்டின் ஒரு பாகத்தில் பிறவியிலேயே இருக்கும் பிழை காரணம் என்று படித்தேன். எனக்கு வருவது பகலில். என் பூட்டு இன்னும் வேறெங்கோ இருக்கிறது. மாத்திரையின் நிறம் மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது.

உப்புத் தண்ணீர் போட்ட புது எலிகள் வலித்தன. காம்புக் கூண்டு எலிகள் பெரும்பாலும் முகம் கழுவின. மூளைக்குள் போன மருந்து காத்தது. வாசலில் நின்ற மருந்து காக்கவில்லை. மேடம் தை மாதத்தைத் தவறவிட்டார், பங்குனியில் கொடுத்தார். ஆய்வேட்டு நன்றியுரையின் கடைசி வரியில் விலங்கறை உதவியாளரின் கூர்ந்த கவனிப்புக்கு நன்றி என்று இருந்தது. அதை டைப் அடித்தபோது நாலு கார்பனிலும் பதியட்டும் என்று விரலை அழுத்தினேன். அண்ணன் அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "கூர்ந்த-ன்னா?" என்றார். "உத்துப் பாத்ததுக்கு" என்றேன். "அதுக்கா சம்பளம் குடுக்குறாக, அது சும்மா பாக்குறதுதான" என்றார்.

ஆய்வேடு முடிந்த பின் டைப் அடிக்க வேறு வேலை இல்லை. என் கடைசி நாளில் இருவரும் ஒன்றாகவே வெளியே வந்தோம். அவர் கக்கத்தில் காலி உமிச் சாக்கு. மேலூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. என் நோட்டின் கடைசித் தாளில் யாருக்கும் தெரியாமல் ஒரு வரிசை எழுதியிருந்தேன்: கூண்டு எண் இல்லை, மருந்து இல்லை, ஐம்பத்தொரு விநாடி. பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

"அண்ணே, கடைசியாக் கேக்குறேன். அன்னைக்கு நீங்க பாத்தீங்க. நான் எப்படி இருந்தேன்?"

அவர் படியில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். இம்முறை முகத்தைத் திருப்பவில்லை.

"எலி மாதிரியெல்லாம் இல்ல, தங்கச்சி. எங்கூரு ரைஸ்மில்லுல சல்லட ஆடும்ல, தடதடன்னு, அது மாதிரி. அப்புறம் கரண்டு போனாப்ல நின்னுருச்சு. அம்புட்டுத்தான். பயப்படுறதுக்கு ஒண்ணுமில்ல."

"அப்புறம் சாவியக் கையில குடுத்தீங்க."

"நானா?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். அவர் சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து கத்தினார்.

"நான் எங்க குடுத்தேன்? கதவத் தொறக்க நீதான எடுத்துட்டு வந்த! குத்திரப் போகுதுன்னு புடுங்கத்தான் பாத்தேன், நீ விடல! அம்புட்டுப் புடி! வாரேன்!"